ஆணி பிடுங்கிய ஐந்து நாட்கள்

ஆபீஸில் வேலை பார்ப்பதை நம் ஆட்கள் 'ஆணி பிடுங்குவது' என்பார்கள். 'இன்னிக்கு ஆணி ஜாஸ்தி மச்சி' என்றால் வேலை அதிகம் என்று அர்த்தம். பி.காம். முடித்து, பெங்களூரில் ஒரு கம்பெனியின் அக்கவுண்ட்ஸ் பிரிவில் ஏழு வருஷம் அந்த வகை ஆணிகளைப் பிடுங்கியவன்தான் நானும். ஆனால் நிஜ ஆணியை, துருப்பிடித்த இரும்பு ஆணியை, மரத்திலிருந்து ஒவ்வொன்றாகப் பிடுங்குவதற்காக அமெரிக்காவில் ஒரு மலை ஏறுவேன் என்று எந்த ஜோசியரும் எனக்குச் சொன்னதில்லை.

2024 டிசம்பர் கடைசி வாரம். வட கரோலைனா மாநிலத்தில் சார்லட் என்ற ஊரில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். கிறிஸ்துமஸ் லீவு. ஊரே கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தது. அத்தான் எனக்காக ஒரு புரோகிராம் போட்டு வைத்திருந்தார். முதல் நாள் ஒரு மால். இரண்டாம் நாள் தள்ளுபடி மால். மூன்றாம் நாள், முதல் நாள் வாங்கியதைத் திருப்பிக் கொடுக்க மறுபடி அதே மால்.

பக்கத்து வீட்டில் ஒரு தாத்தா. பள்ளிக்கூடத்தில் தச்சு வேலை சொல்லிக் கொடுத்து ரிட்டயரானவர். (அங்கே அதற்கும் ஒரு பீரியட் உண்டு. நமக்கு அந்த பீரியடில் கணக்கு வாத்தியார் வந்து உட்கார்ந்துகொள்வார்!) வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டார். அவர் பேசியது இங்கிலீஷ்தான், நம் சௌகரியத்துக்குத் தமிழில் தருகிறேன்.

"எங்க சர்ச்சுல இருந்து மலைக்குப் போறோம். வெள்ளத்துல மூழ்கின வீடுங்களைக் காலி பண்ணிக் குடுக்கணும். அஞ்சு நாள். வர்றியா தம்பி?"

"சார், நான் கிறிஸ்டியன் இல்லையே."

"நாம இடிக்கப் போற சுவரும்தான் இல்லை."

"எனக்குச் சுத்தியல் பிடிக்கத் தெரியாது."

"வர்றவங்கள்ல பாதிப் பேருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். அது போதும்."

அக்காதான் குதித்தாள். "இவ்வளவு தூரம் வந்து இதெல்லாம் தேவையாடா? கையைக் காலை உடைச்சுக்கிட்டா இந்த ஊர் ஆஸ்பத்திரி பில்லுக்கு ஜாபர்கான்பேட்டை வீட்டை வித்தாலும் பத்தாது!"

மாலுக்குப் பயந்துதான் போகிறேன் என்று அத்தானைக் கிண்டல் செய்துவிட்டுக் கிளம்பினேன். உண்மைக் காரணம் வேறு. அது பின்னால் வரும்.

ஹரிகேன் என்றால் கடலோரத்துச் சமாசாரம் என்றுதான் நான் நினைத்திருந்தேன். நமக்கு நாகப்பட்டினம், கடலூர் மாதிரி. ஹெலீன் என்று பெயர் வைத்த அந்தப் புயலும் 2024 செப்டம்பர் 26-ம் தேதி ராத்திரி ஃப்ளோரிடா கடற்கரையில்தான் முறைப்படி கரையைக் கடந்தது. கடந்து சும்மா போகவில்லை. அங்கிருந்து சுமார் 600 கிலோமீட்டர் வடக்கே, கடலையே பார்க்காத அப்பலாச்சியன் மலைகளுக்குள் நுழைந்து, கொண்டுவந்த தண்ணீரையெல்லாம் கொட்டியது. அதற்கு முன்பே இரண்டு நாள் அங்கே நல்ல மழை. மண் குடித்த மட்டும் குடித்து, இனி முடியாது என்று கையை விரித்திருந்த நேரம். 27-ம் தேதி காலை மலை ஓடைகள் எல்லாம் ஆறாகி, ஆறுகள் எல்லாம் வேறு எதுவோ ஆகிவிட்டன. ஆஷ்வில் நகரில் 1916-ல் வந்த வெள்ளத்தைத்தான் நூறு வருஷமாகத் தாத்தாக்கள் கதையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்களாம். அந்த உயரத்தையும் தாண்டியது தண்ணீர். வட கரோலைனாவில் மட்டும் 100 பேருக்கு மேல் இறந்துபோனார்கள். சாலைகள் அறுந்த மலைக் கிராமங்களுக்குக் கோவேறு கழுதைகள் மேல் மூட்டை ஏற்றிச் சாப்பாடும் மருந்தும் கொண்டுபோனார்கள். நிலவுக்கு ஆள் அனுப்பிய தேசம், சார்!

(2025-ல் உலக வானிலை அமைப்பு 'ஹெலீன்' என்ற பெயரைப் பட்டியலிலிருந்தே நீக்கிவிட்டது. இனி எந்தப் புயலுக்கும் அந்தப் பெயர் கிடையாது. கிரிக்கெட் ஆட்டக்காரரின் ஜெர்சி நம்பரை ரிட்டயர் செய்கிற மாதிரிதான், மரியாதை மட்டும் கிடையாது.)

26-ம் தேதி காலை இரண்டு வேன்களில் 11 பேர் கிளம்பினோம். தாத்தா, அவர் மனைவி, ஒரு நர்ஸ் அம்மாவும் கணவரும், காலேஜ் பையன்கள் மூன்று பேர், இன்னும் சிலர், அப்புறம் என் வயதில் ஒரு பேங்க் ஊழியர். சார்லட் பேங்குகளின் ஊர். இந்தப் பையனும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து எக்ஸெல் தட்டுகிற ஜாதி. தனக்கு வருஷத்துக்குக் கிடைக்கும் 15 நாள் லீவில் 3 நாளை இதற்காக எடுத்திருந்தான். அந்த நாட்டில் சம்பளத்தோடு லீவு கொடுத்தே ஆக வேண்டும் என்று மத்திய அரசின் சட்டம் எதுவும் கிடையாது. கம்பெனி பார்த்துக் கொடுத்தால் உண்டு. பாட்டியைப் பத்து தடவை சாகடித்து லீவு வாங்கும் நமக்கு அந்த 3 நாளின் விலை புரியும்.

இரண்டு மணி நேரப் பயணம். ஓல்ட் ஃபோர்ட் தாண்டி மலை ஏறியதும் எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். மூன்று மாதம் ஆகியிருந்தது. ஆனாலும் ஆற்றோர மரங்களில், நம் தலைக்கு மேல் பத்து பதினைந்து அடி உயரத்தில், துணிகளும் பிளாஸ்டிக்கும் தொங்கிக்கொண்டிருந்தன. முதலில் யாரோ கொடி கட்டியிருக்கிறார்கள் என்று நினைத்தேன். தண்ணீர் அவ்வளவு உயரத்தில் போயிருக்கிறது என்று தாத்தா விளக்கினார். ஒரு கார் மூக்கை மண்ணில் புதைத்துக்கொண்டு நின்றது. ஒரு வீடு சாலைக்குக் குறுக்கே திரும்பியிருந்தது, வழி கேட்பது போல.

நாங்கள் போன ஊர் ஸ்வானனோவா. ஆஷ்வில்லுக்குக் கிழக்கே, அதே பெயர் கொண்ட ஆற்றின் கரையில். ஆஷ்வில்லில் குழாய்த் தண்ணீரைக் குடிக்கலாம் என்று அறிவிப்பதற்கு 53 நாள் ஆயிற்று. அணையிலிருந்து வரும் பெரிய குழாய்களையே வெள்ளம் பிடுங்கிக்கொண்டு போய்விட்டது. நவம்பர் 18 வரைக்கும் குடம், கேன், வரிசை. இந்த விஷயத்தில் மட்டும் சென்னைக்காரனான நான் அவர்களுக்கு டியூஷன் எடுத்திருக்க முடியும்.

தங்கியது அந்தப் பக்கத்துச் சர்ச் ஒன்றின் ஹாலில். வரிசையாகக் கேன்வாஸ் கட்டில்கள். ராத்திரி 11 பேரும் 11 ராகத்தில் குறட்டை. காலையில் 6 மணிக்கு எழுப்பி, கையைக் கோத்து வட்டமாக நிற்க வைத்து ஜெபம். எனக்கு உள்ளூர ஒரு பயம் இருந்தது, பிடித்து ஞானஸ்நானம் கொடுத்துவிடுவார்களோ என்று. ஒருத்தரும் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. கண்ணை மூடி நான் பாட்டுக்குப் பிள்ளையாரை நினைத்துக்கொண்டேன். அவருக்கும் மலைக் குளிர் புதிதில்லை, அப்பா வீடு கைலாசம்தானே!

சாப்பாட்டில்தான் சிக்கல். மார்கழியில் அசைவம் தொட மாட்டேன் என்று அம்மாவுக்கு வாக்கு. சமையல் பொறுப்பு தாத்தாவின் மனைவிக்கு. மார்கழியை எப்படி விளக்குவது? "உங்க லெந்து காலம் மாதிரி பாட்டி" என்றேன். பளிச்சென்று புரிந்துகொண்டார். ஐந்து நாளும் எனக்கென்று தனியாக சீஸ், பீன்ஸ், உருளைக்கிழங்கு. அக்கா கொடுத்தனுப்பிய எலுமிச்சை ஊறுகாயை உருளைக்கிழங்கோடு தொட்டுக்கொண்டதைப் பார்த்து காலேஜ் பையன் ஒருவன் ஆசைப்பட்டு ஒரு ஸ்பூன் வாயில் போட்டான். அடுத்த பத்து நிமிஷம் அவனுக்குத்தான் நிவாரணப் பணி செய்தோம்.

வேலைக்குப் போகும் முன் ஒரு பலகையில் தாள் வரும். பெயர், வந்த நேரம், போன நேரம், கையெழுத்து. தர்ம காரியத்துக்குக்கூட மஸ்டர் ரோலா என்று சிரித்தேன். தாத்தா சொன்ன காரணத்தைக் கேட்டதும் எனக்குள் இருந்த பி.காம். எழுந்து உட்கார்ந்துவிட்டான்.

விஷயம் இதுதான். பேரிடர் வந்தால் குப்பை அள்ளுவது, சாலை போடுவது மாதிரிப் பொதுச் செலவில் வழக்கமாக 75 சதவிகிதத்தை மத்திய அரசு தரும். பாக்கி 25-ஐ மாநிலமும் உள்ளூர் நிர்வாகமும் போட வேண்டும். (சில பெரிய பேரிடர்களில் கொஞ்ச காலத்துக்கு முழுத் தொகையையும் மத்திய அரசே ஏற்கும், ஹெலீனுக்கும் அப்படி நடந்தது.) தொண்டர்கள் இலவசமாகச் செய்த வேலை விதிகளுக்குள் வந்தால், அந்த மணி நேரத்துக்கு டாலரில் ஒரு மதிப்புப் போட்டு, உள்ளூரின் பங்கில் கழித்துக்கொள்ளலாம். அதாவது நான் வியர்வை சிந்தினால் அந்த ஊரின் கணக்கில் வரவு! ஆனால் தாளில் கையெழுத்து இல்லாவிட்டால் வியர்வை வெறும் வியர்வைதான். வவுச்சர் இல்லாத செலவை ஆடிட்டர் ஒப்புக்கொள்வாரா? அன்றிலிருந்து எல்லோர் கையெழுத்தையும் விரட்டி விரட்டி வாங்கும் பொறுப்பை நானே எடுத்துக்கொண்டேன். சுத்தியலைவிடப் பேனா எனக்குப் பழக்கம்.

இனி வீடு. நமக்குச் சுவர் என்றால் செங்கல். அவர்களுக்கு மரச்சட்டங்கள் அடித்து, இரண்டு பக்கமும் ஜிப்சம் பலகை. நடுவே குளிர் தாங்க பஞ்சுமிட்டாய் கலரில் கண்ணாடிப் பஞ்சு. வெள்ளம் புகுந்தால் அந்தப் பஞ்சு தண்ணீரைக் குடித்து வைத்துக்கொள்ளும். வெளியே சுவர் காய்ந்த மாதிரி சாதுவாக நிற்கும். உள்ளே கறுப்பாகப் பூஞ்சை வளர்ந்துகொண்டிருக்கும். அதனால் பலகையை உடைத்து, பஞ்சைப் பிடுங்கி, தரையைப் பெயர்த்து, வெறும் எலும்புக்கூடாக்க வேண்டும். பிறகு மருந்தடித்து, காற்று விட்டு, ஒரு சின்ன மீட்டரைக் குத்தினால் மரத்தின் ஈரம் 15 சதவிகிதத்துக்குக் கீழே காட்ட வேண்டும். அதன் பிறகுதான் புதுச் சுவர். அவசரப்பட்டு மூடினால் பூஞ்சையைப் பெட்டியில் போட்டுப் பூட்டி வளர்த்த கதை.

முகமூடி, கண்ணாடி, வெள்ளைக் காகித உடுப்பு, ரப்பர் பூட்ஸ் எல்லாம் போட்டுக் கண்ணாடியில் பார்த்தேன். இஸ்ரோ என்னை ககன்யானுக்கு எடுத்துக்கொண்டால் ஆச்சரியமில்லை என்று தோன்றியது. முதல் அடியிலேயே சுத்தியல் சுவரில் பட்டு, அங்கிருந்து நழுவி என் பூட்ஸில் விழுந்தது. நல்ல வேளை, மரக்கைப்பிடி பக்கம். 'ஃப்ரெண்ட்ஸ்' படத்தில் காண்ட்ராக்டர் நேசமணி தலையில் சுத்தியல் விழுந்ததை நினைத்து எனக்கு நானே சிரித்துக்கொண்டிருக்க, தாத்தா சத்தமில்லாமல் சுத்தியலை வாங்கிக்கொண்டு என் கையில் ஆணி பிடுங்கும் கம்பியைக் கொடுத்தார். பலகையை உடைத்த பிறகு சட்டங்களில் ஆணி நூற்றுக்கணக்கில் துருத்திக்கொண்டு நிற்கும். ஒன்றையும் விடாமல் பிடுங்க வேண்டும். கெடுக்க முடியாத வேலை. எனக்கென்றே செய்தது.

மத்தியானம் படியில் உட்கார்ந்து ரொட்டி தின்னும்போது பேங்க் பையனிடம் கேட்டேன்: "இங்கதான் எல்லாத்துக்கும் இன்ஷூரன்ஸ் இருக்குமே?" அவன் சிரித்த சிரிப்பில் சந்தோஷம் இல்லை. வீட்டு இன்ஷூரன்ஸ் எல்லோரிடமும் இருந்தது. அதில் தீ உண்டு, காற்று உண்டு, திருட்டு உண்டு. வெள்ளம் கிடையாது. வெள்ளத்துக்கு 1968-லிருந்து மத்திய அரசு நடத்தும் தனிப் பாலிசி எடுக்க வேண்டும். வீட்டுக்கு அதிகபட்சம் 2,50,000 டாலர் வரை கிடைக்கும். கடலோரத்தில் இருப்பவன் எடுப்பான். மலையில் இரண்டாயிரம் அடிக்கு மேலே இருப்பவன் எதற்கு எடுக்கிறான்? அந்தப் பக்கத்தில் நூற்றுக்கு ஒருத்தரிடம் இருந்தாலே அதிகம். மரம் விழுந்து கூரை போனவனுக்குப் பணம் வந்தது, தண்ணீர் வந்து வீடே போனவனுக்கு 'வருந்துகிறோம்' என்று கடிதம் வந்தது. அரசாங்கம் அவசரத்துக்குக் கொடுத்த 750 டாலர்தான் மொத்தமே என்றும், அதுவும் கடன் என்றும் வதந்தி வேறு. அதை நம்பி விண்ணப்பமே போடாமல் இருந்தவர்களும் உண்டு.

மூன்றாம் நாள்தான் அந்த வீட்டுக்காரப் பாட்டி வந்தார். 78 வயது. மகள் வீட்டில் இத்தனை நாள் இருந்துவிட்டு, வீட்டை இடித்துவிடுவதா, திருத்துவதா என்று முடிவெடுக்கவே மூன்று மாதம் ஆகியிருக்கிறது. உள்ளே வரவில்லை. வாசலில் மடக்கு நாற்காலி போட்டு, கோட்டைக் கழுத்து வரை இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்தார். அவருடைய வாழ்க்கை ஒவ்வொரு தள்ளுவண்டியாக அவரைத் தாண்டிப் போய்த் தெருவோரக் குவியலில் விழுந்தது. பத்தடி உயரக் குவியல். ஊரெங்கும் வீட்டு வாசலில் அதே மாதிரி குவியல்கள்.

ஸ்வானனோவாவில் முன்பு பீக்கன் என்று ஒரு போர்வை ஆலை இருந்தது. ஊரே அதைச் சுற்றி உண்டானது. 2002-ல் மூடினார்கள். மறு வருஷம் காலிக் கட்டடமும் எரிந்துபோனது. ஆலை மூடிய ஊர் எப்படி இருக்கும் என்று பெரம்பூர்க்காரர்களுக்கும் கோயம்புத்தூர்க்காரர்களுக்கும் நான் சொல்ல வேண்டியதில்லை. பாட்டி 18 வயதில் அந்த ஆலைக்குள் போனவர். கடைசி நாள் வரை இருந்தவர். இதையெல்லாம் நர்ஸ் அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். நான் ஆணியைப் பிடுங்கிக்கொண்டே காது கொடுத்தேன்.

கொஞ்ச நேரத்தில் நர்ஸ் அம்மா உள்ளே வந்தார். "பின்பக்க ரூம் அலமாரியில பச்சையும் பழுப்புமா ஒரு போர்வை இருக்குமாம். பாத்தீங்களா?"

பார்த்தேன். முந்தின நாள் சாயந்திரம் பார்த்தேன். நனைந்து, நாறி, சேற்றில் ஊறிய ஒரு மூட்டை. இரண்டு கையாலும் அள்ளி, முகத்தைத் திருப்பிக்கொண்டு, குவியலில் வீசியவன் நான்தான்.

வேலை ஆரம்பிக்கும் முன் தாத்தா சொன்ன விதி ஒன்றே ஒன்று. வீட்டுக்காரரைக் கேட்காமல் எதையும் குப்பை என்று சொல்லாதே. ஜிப்சம் பலகை தவிர. வீட்டுக்காரர் வரவில்லையே, யாரைக் கேட்பது என்று நான் பாட்டுக்கு முடிவு செய்துவிட்டேன்.

வாசலுக்குப் போனேன். முகமூடியைக் கழற்றினேன். "மன்னிச்சுக்கங்கம்மா. நான்தான் தூக்கிப் போட்டுட்டேன்."

சொன்ன அந்த நிமிஷம் வேறு ஒரு குரலும் காதில் கேட்டது. பின்னால் வரும் என்றேனே, அது இங்கேதான் வருகிறது.

2015 டிசம்பர் 1-ம் தேதி ராத்திரி. பெய்த மழையும் செம்பரம்பாக்கம் ஏரித் தண்ணீரும் சேர்ந்து அடையாறு கரை புரண்டது. ஜாபர்கான்பேட்டையில் எங்கள் வீடு தரைத்தளம். அப்பாவும் அம்மாவும் எதிர் வீட்டு மாடியில் ஏறித் தப்பித்தார்கள். நான் பெங்களூரில். போன் கிடைக்கவில்லை, ரயில் ஓடவில்லை என்பதெல்லாம் நிஜம். மந்த் எண்ட் க்ளோசிங் என்று மேனேஜர் சொன்னதற்குத் தலையாட்டி இரண்டு நாள் உட்கார்ந்திருந்ததும் நிஜம். 5-ம் தேதி போய்ச் சேர்ந்தேன்.

வீட்டுக்குள் ஏழெட்டுப் பையன்கள். பக்கத்துப் பள்ளிவாசலிலிருந்து வந்தவர்கள். முழங்கால் வரை சேறு. இரண்டு நாளாக எங்கள் வீட்டை அள்ளிக்கொண்டிருந்தார்கள். பீரோவை நிமிர்த்தி, கட்டிலைக் கழுவி, அம்மாவுக்கு எங்கிருந்தோ ஒரு ஜோடி செருப்பு வாங்கி வந்து போட்டுவிட்டு... தெருவில் கிடந்த குவியலில் அப்பாவின் டைரிகள். 1984-லிருந்து ஒரு நாள் விடாமல் எழுதிய வரவு செலவுக் கணக்கு. கத்திரிக்காய் அரைக் கிலோ முதல் என் காலேஜ் ஃபீஸ் வரை. நான் பி.காம். சேர்ந்ததே அந்த டைரிகளைப் பார்த்துத்தான். எல்லாம் கூழாகிக் கட்டியாகக் கிடந்தன.

நான்கு நாள் கழித்து வந்த மகன், அந்தப் பையன்களிடம் பேசிய முதல் வார்த்தை என்ன தெரியுமா? "யாரைக் கேட்டுடா தூக்கிப் போட்டீங்க?"

நீலச் சட்டை போட்ட ஒரு பையன், இருபது வயதுகூட இருக்காது, கையில் மண்வெட்டியோடு நின்றான். "மன்னிச்சுக்கங்கண்ணே. குப்பைன்னு நெனச்சுட்டேன்." அவ்வளவுதான். திரும்ப வேலை பார்க்கப் போய்விட்டான். "விடுறா, கணக்கு முடிஞ்சுதுன்னு நெனச்சுக்குவோம்" என்றார் அப்பா. சாயந்திரம் அவர்கள் கிளம்பினபோது நான் போனில் சார்ஜ் ஏற்ற இடம் தேடிப் போயிருந்தேன். பெயர் கேட்கவில்லை, நன்றி சொல்லவில்லை. அவர்கள் எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடவும் இல்லை. அக்கவுண்டன்சியில் சஸ்பென்ஸ் அக்கவுண்ட் என்று ஒன்று உண்டு. எதில் சேர்ப்பது என்று தெரியாத தொகையைத் தற்காலிகமாக அதில் போட்டு வைப்பார்கள். சீக்கிரம் தீர்த்துவிட வேண்டும் என்பது பாடம். ஒன்பது வருஷமாக நான் தீர்க்கவில்லை.

வாசலில் பாட்டி என்னைத் திட்டவில்லை. என்னையே கொஞ்ச நேரம் பார்த்தார். "ஆலையில கடைசி வாரம் வாங்கினது" என்றார். அவ்வளவுதான்.

அந்த நேரம் பார்த்துத் தெருமுனையில் இரும்புக் கை வைத்த பெரிய லாரி திரும்பியது. குவியல்களை ஒவ்வொன்றாக அள்ளிக்கொண்டு வந்தது. எங்களுக்கு முன்னால் இரண்டே வீடு. நான் ஓடினேன். தமிழில் கத்தினேனா இங்கிலீஷில் கத்தினேனா ஞாபகம் இல்லை. கன அளவுக்குத்தான் அந்த லாரிக்காரர்களுக்குக் கூலி, நின்றால் நஷ்டம். ஆனாலும் டிரைவர் இன்ஜினை அணைத்து, ஒரு சிகரெட்டைப் பற்றவைத்துக்கொண்டு, 'சரி, தேடு' என்று கையைக் காட்டினார்.

உடைந்த பலகை, பஞ்சு, பாசி பிடித்த சோபா. அதன் மேல் ஏறிக் கையால் அள்ளினேன். பேங்க் பையன் ஏறி வந்தான். காலேஜ் பையன்கள் வந்தார்கள். தாத்தா கீழே நின்று "ஆணி, ஆணி, காலைப் பாத்து வை" என்று கத்திக்கொண்டே இருந்தார். இருபது நிமிஷம் இருக்கும். ஊறுகாய் தின்ற பையன்தான் கண்டுபிடித்தான். ஒரு முனை மட்டும் வெளியே தெரிந்தது. பச்சை, பழுப்பு.

பாட்டி அதைக் கையுறை போட்டுத்தான் வாங்க வேண்டும் என்று நர்ஸ் அம்மா கண்டிப்பாகச் சொன்னார். கேட்கவில்லை. வெறுங்கையால் பிரித்தார். பாதி பூஞ்சை. தறியில் முடிச்சுப் போட்ட ஓரத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டே, "வெந்நீர்ல போட்டுப் பாக்கறேன். தேறலைன்னா ஒரு மூலையை வெட்டி வெச்சுக்கறேன்" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "எந்த ஊர்?" என்றார். சொன்னேன். "அங்கே வெள்ளம் வருமா?" என்றார். வரும் என்றேன்.

30-ம் தேதி மத்தியானம் அந்த வீடு வெறும் சட்டங்களாக நின்றது. முன் வாசலில் நின்று பார்த்தால் பின்பக்க ஆறு தெரிந்தது. பாவி ஆறு, ஒன்றுமே தெரியாத மாதிரி கணுக்கால் அளவு தண்ணீரில் ஓடிக்கொண்டிருந்தது. தாளில் என் மொத்தத்தைக் கூட்டினேன். 31 மணி நேரம். இரண்டு முறை சரி பார்த்துக் கையெழுத்துப் போட்டேன்.

சார்லட் வந்ததும் அம்மாவுக்குப் போன் போட்டேன். அங்கே விடிகாலை.

"அம்மா, வெள்ளத்தப்போ நம்ம வீட்டைக் கழுவினாங்களே பசங்க... அதுல யாரையாவது தெரியுமா?"

"யாரு, நீ கத்துனியே, அந்த நீலச் சட்டையா?"

ஒன்பது வருஷம். சட்டை நிறம்கூட மறக்கவில்லை.

"அவன் பெருங்களத்தூர்ல ஏசி மெக்கானிக்கா இருக்கான்டா. அப்பா போனப்போகூட வந்து நின்னான். நீதான் யாரையும் கவனிக்கிற நிலைமையில இல்ல. நம்பர் வேணுமா?"

வாங்கி எழுதிக்கொண்டேன். ஊருக்குத் திரும்பி, பல நாள் அந்த நம்பரைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். எப்படிப் பேச்சை ஆரம்பிப்பது? ஏசி ரிப்பேர் என்று கூப்பிட்டு, வீட்டுக்கு வரவழைத்து, அப்புறம் விஷயத்துக்கு வரலாம் என்று ஒரு யோசனை தோன்றியது.

எங்கள் வீட்டில் ஏசி கிடையாது.